சாரதி அனுமதிப்பத்திரம் ஓர் அமானத்



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனது அருளும் சாந்தியும் எமது தலைவர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பான வாலிபர்களே, கண்ணியத்துக்குரிய பெற்றோர்களே!

இன்றைய உரைக்காக நான் எடுத்துக்கொண்ட விடயம் உங்களில் பலருடைய சட்டைப் பையில் இப்போதும் இருக்கின்றது. அது சாரதி அனுமதிப்பத்திரம் என்னும் சிறிய அட்டை. "லொறி ஓட்டும்போது நான் கவனமாகத்தான் ஓட்டுவேன். என்னுடைய சொந்த மோட்டார் சைக்கிளில் நான் எப்படிப் போனாலும் அது என்னுடைய விடயம்" என்று சொல்லும் வாலிபர்கள் எம்மிடையே இருக்கின்றனர். இந்த எண்ணம் சட்டத்தின் கண்ணில் பிழை. தொழிலின் கண்ணில் பிழை. எமது தீனின் கண்ணிலும் பிழை. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் வாழ்வில் லொறிக்கு இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் எமது மக்கள் வெளியேற்றப்பட்டபோது கடைகளும் வீடுகளும் வாகனங்களும் கையை விட்டுப் போயின. 2002 இல் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. யுத்தம் முடிந்த 2009 இற்குப் பின்னர் வீதி திரும்பவும் திறந்தபோது, சோனகத் தெருவுக்கு மீண்டு வந்த குடும்பங்கள் பல வியாபாரத்தையும் போக்குவரத்தையும் நம்பியே வாழ்வைத் தொடங்கின. கொழும்பிலிருந்து சாமான் ஏற்றி வருவதும், இங்கிருந்து வெங்காயமும் மரக்கறியும் மீனும் பழைய இரும்பும் ஏற்றிச் செல்வதும் எத்தனையோ வீடுகளின் அடுப்பை எரிய வைக்கின்றன. ஒரு சாரதியின் அட்டை பறிபோனால் அணைவது அந்த அடுப்புத்தான்.

இப்போது சட்டத்தைக் கவனியுங்கள். எமது நாட்டில் வாகனம் ஓட்டுவது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தாலும் அதன் திருத்தங்களாலும் ஆளப்படுகின்றது. மோட்டார் சைக்கிளுக்கு ஓர் அட்டை, காருக்கு இன்னோர் அட்டை, லொறிக்கு வேறோர் அட்டை என்று எவருக்கும் கொடுப்பதில்லை. ஒருவருக்கு ஒரே அட்டை. அதன் பின்புறத்தில் ஏ, பி, சி1, சி என்று அவர் ஓட்டத் தகுதி பெற்ற வாகன வகைகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். இலகு வாகன வகைகளுக்கு எட்டு ஆண்டுகளும் கனரக வாகன வகைகளுக்கு நான்கு ஆண்டுகளும் செல்லுபடிக் காலம். கனரக வாகனத்துக்கு ஏன் பாதிக் காலம்? அதிக பாரத்தைச் சுமந்து செல்பவரின் கண்ணையும் உடலையும் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும் என்பதற்காகவே. பெரிய பொறுப்புக்குப் பெரிய கண்காணிப்பு.

ஓர் உதாரணத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு வாலிபர் கிழமை நாட்களில் முதலாளியின் லொறியைக் கொழும்புக்கு ஓட்டுகின்றார். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை நண்பர்களோடு தன் சொந்த மோட்டார் சைக்கிளில் பண்ணைப் பாலத்தின் பக்கம் பந்தயம் ஓடுகின்றார். பொலிஸார் பிடித்து, அபாயகரமாக வாகனம் செலுத்தியதாக நீதவான் முன்னிலையில் நிறுத்துகின்றனர். நீதவானுக்குத் தண்டம் விதிக்கவும் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தவும் இரத்துச் செய்யவும் அதிகாரம் உண்டு. குற்றம் நடந்தது மோட்டார் சைக்கிளில். ஆனால் நீதிமன்றத்தின் கைக்குப் போன அட்டையில் லொறியும் இருக்கின்றது! சனிக்கிழமை காலை முதலாளி சாமான் ஏற்ற அழைக்கும்போது அவர் என்ன பதில் சொல்வார்? ஒரு மாலை நேரத்து விளையாட்டுக்கு மனைவி மக்களின் மாதச் சம்பளத்தை அல்லவா விலையாகக் கொடுத்திருக்கின்றார்!

சிறிய குற்றங்களும் அப்படித்தான். வீதியில் பொலிஸார் எழுதித் தரும் தண்டப் பத்திரத்துக்கு 14 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். தவறினால் 28 நாட்கள் வரை இரு மடங்கு. அதையும் தவறவிட்டால் நீதிமன்றம். "நூறு வேலைகளுக்கிடையில் மறந்துவிட்டேன்" என்று சொல்லிப் பயனில்லை. 2019 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னர், அனுமதிப்பத்திரம் இல்லாமல் வாகனம் செலுத்துவதற்கான குறைந்தபட்சத் தண்டமே 25,000 ரூபாய். விபத்தில் ஓர் உயிர் போனால், கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் என்னும் குற்றத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கின்றது. அந்த உயிரைப் பறித்தது சொந்த வாகனமா, முதலாளியின் வாகனமா என்று அப்பிரிவு பார்ப்பதில்லை.

அன்பான வாலிபர்களே!

அடுத்தது தொழில். யாழ்ப்பாணத்தில் ஒரு லொறி முதலாளி சாரதியைத் தேடும்போது பத்திரங்களை மட்டும் பார்ப்பதில்லை. "யாருடைய மகன்? எப்படி ஓடுவான்? முன்பு யாரிடம் வேலை செய்தான்?" என்று விசாரிக்கின்றார். பல இலட்சம் பெறுமதியான வாகனத்தையும் அதற்கு மேல் பெறுமதியான சாமானையும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்துக்கு இரவோடு இரவாக ஒருவரை நம்பி அனுப்புகின்றார். ஏ9 வீதியில் வன்னியைக் கடக்கும்போது இருட்டில் மாடுகள் படுத்திருக்கும். 2014 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்த பின்னர் புகையிரதக் கடவைகளிலும் கவனம் தேவை. தூக்கம் கண்ணைக் கட்டும். அந்த இரவில் முதலாளி அருகில் இல்லை. சாரதியின் குணம் ஒன்றே அவருக்குப் பாதுகாப்பு. ஆகவே சந்தியில் நீங்கள் சிவப்பு விளக்கைத் தாண்டிச் சென்றதைக் கண்ட கடைக்காரர், நாளை உங்களைப் பற்றி முதலாளி விசாரிக்கும் மனிதராக இருக்கலாம். எங்கள் ஊரில் ஊர்வாயே ஒரு பதிவேடு!

காப்புறுதியைப் பற்றிப் பலரும் சரியாக அறிந்திருப்பதில்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயமானது. எமது வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்கும் உரியது அது. எமது வாகனத்தின் சேதத்தையும் ஈடுசெய்வது முழுமையான காப்புறுதி. விபத்தொன்று நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, ஓட்டியவர் யார், அவருடைய அனுமதிப்பத்திரம் எங்கே என்பதாகும். அந்த வகை வாகனத்துக்கு அனுமதி இல்லாதவரோ, காலாவதியான அல்லது இடைநிறுத்தப்பட்ட அட்டை உடையவரோ, போதையில் இருந்தவரோ ஓட்டியிருந்தால் வாகனத்தின் சேதத்துக்கான கோரிக்கை மறுக்கப்படலாம். முதலாளி ஆண்டாண்டாகக் கட்டிய கட்டுப்பணம் அந்த ஓர் இரவில் பயனற்றுப் போகும்.

விபத்தின்றி ஓடும் வாகனத்துக்கு ஆண்டுதோறும் கட்டுப்பணத்தில் ஒரு கழிவு கிடைக்கின்றது. நோ கிளைம் போனஸ் என்று சொல்வார்கள். இது வாகன உரிமையாளரின் பெயரில் சேர்ந்து வருவது. சாரதி கவனயீனமாக மோதிக் கோரிக்கை வைக்க நேரிட்டால், பல ஆண்டுகள் சேர்ந்த அந்தக் கழிவு குறையும் அல்லது இல்லாமற்போகும். அடுத்த ஆண்டு முதலாளி கூடுதலாகக் கட்டுவார். அந்தச் சுமை எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறக்கமாட்டார்.

எமது நாட்டில் கட்டுப்பணம் பெரும்பாலும் வாகனத்தையும் அதன் கோரிக்கை வரலாற்றையும் பார்த்தே கணிக்கப்படுகின்றது. வெளிநாடுகளில் சாரதியின் சொந்தப் பதிவையே முதலில் பார்க்கின்றனர். எமது பிள்ளைகளில் பலர் அங்கு சென்று ஓட்ட விரும்புவதால் இதைச் சொல்கின்றேன். அமெரிக்காவில் ஒரு காலத்தில் லொறிச் சாரதிகள் சிலர் பல மாநிலங்களில் அனுமதிப்பத்திரம் எடுத்து, ஒரு மாநிலத்தின் குற்றத்தை இன்னொன்றில் மறைத்து வந்தனர். 1986 ஆம் ஆண்டின் சட்டம் ஒருவருக்கு ஒரே அனுமதிப்பத்திரம் என்று அதனைத் தடுத்தது. அங்கு ஒரு லொறிச் சாரதி தன் சொந்தக் காரில் செய்த வீதிக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டாலும், வாகனம் நிறுத்திய குற்றங்கள் தவிர மற்றவற்றை, 30 நாட்களுக்குள் தன் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்தக் காரில் போதையில் ஓட்டிக் குற்றவாளியானால் ஓர் ஆண்டுக்கு லொறி ஓட்ட முடியாது. இரண்டாம் முறை என்றால் வாழ்நாள் தடை.

யாழ்ப்பாணத்திலிருந்து சென்றவர்கள் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், லொறி வேலைக்குப் போனால் சாரதியின் வீதிப் பதிவின் பிரதியைக் கேட்பார்கள். குற்றப் புள்ளிகள் இரண்டு ஆண்டுகள் அப்பதிவில் நிற்கும். அதனைப் பார்த்தே காப்புறுதி நிறுவனங்களும் கட்டணத்தைத் தீர்மானிக்கின்றன. மோசமான பதிவுள்ள சாரதியைச் சேர்த்தால் நிறுவனத்தின் காப்புறுதிச் செலவு ஏறும் என்பதால், திறமை இருந்தும் வேலை கிடைக்காமல் போகின்றது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் கரும்புள்ளி முறை உண்டு. 24 புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் பறிக்கப்படும். எமது நாட்டிலும் இவ்வாறான புள்ளி முறையைக் கொண்டுவருவது பற்றிய அறிவிப்புகள் பலமுறை வெளிவந்துள்ளன. ஆகவே இன்று ஊர்வாயில் மட்டும் இருக்கும் பதிவு நாளை கணினியிலும் இருக்கும் என்று எண்ணியே ஓட்டப் பழகுங்கள்.

"சொந்த நேரத்தில் செய்ததைத் தொழிலோடு சேர்த்துப் பார்ப்பது நியாயமா?" என்று ஒரு வாலிபர் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு எமது ஹதீஸ் கலை அறிஞர்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டனர்.

நபிமொழியை அறிவிப்பவரைப் பற்றி அந்த இமாம்கள் என்ன விசாரித்தனர்? ஹதீஸ் சொல்லும்போது உண்மை சொல்கின்றாரா என்று மட்டுமா? இல்லை. கடைவீதியில் எப்படி நடக்கின்றார், கொடுக்கல் வாங்கலில் எப்படி, அயலவரோடு எப்படி என்று எல்லாவற்றையும் விசாரித்தனர். ஜர்ஹ் வதஃதீல் என்னும் ஒரு கலையே இதனால் உருவாயிற்று. ஹிஜ்ரி 327 இல் மறைந்த இமாம் இப்னு அபீ ஹாத்திம் (ரஹ்) அவர்கள் இந்தப் பெயரிலேயே பெரும் நூலொன்றைத் தொகுத்து, ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களின் நிலையைப் பதிவு செய்தார்கள். மக்களோடு பேசும் சாதாரணப் பேச்சில் பொய் சொல்பவர், நபிமொழியில் பொய் சொன்னதாக அறியப்படாவிட்டாலும், அவரிடமிருந்து அறிவைப் பெறக் கூடாது என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் நிலைப்பாடாக அறிவிக்கப்படுகின்றது. காரணம் தெளிவானது. மனிதனுக்குள் இரண்டு மனிதர்கள் இல்லை. சொந்த வேலையில் எல்லை மீறப் பழகிய கை, பாரம் ஏறிய லொறியின் சுக்கானைப் பிடிக்கும்போது திடீரென வேறு கையாகிவிடாது.

இன்னொரு விடயத்தையும் கவனியுங்கள். தவறுதலாக ஓர் உயிர் கொல்லப்பட்டால் மார்க்கச் சட்டத்தில் இரண்டு கடமைகள் வருகின்றன. ஒன்று தியத் என்னும் இழப்பீடு. எமது ஷாபிஈ மத்ஹபில் இந்த இழப்பீட்டை ஆகிலா எனப்படும் தந்தை வழி ஆண் உறவினர்கள் மூன்று ஆண்டுகளில் பகிர்ந்து செலுத்துவர். ஒருவரின் தவறுக்குப் பலர் தோள் கொடுக்கும் இந்த ஏற்பாட்டில், எமது நாட்டிலும் இன்று நடைமுறையிலுள்ள தகாபுல் முறையின் கருத்தைக் காணலாம். பலர் சேர்ந்து ஒரு நிதியில் பணம் இட்டு, இழப்பு நேர்ந்தவருக்கு அதிலிருந்து கொடுக்கின்றனர். அப்படியாயின் பொறுப்பற்று ஓட்டுபவர் யாருடைய பணத்தை விரயமாக்குகின்றார்? கவனமாக ஓட்டும் தன் சகோதரர்களின் பணத்தை அல்லவா?

இரண்டாவது கடமை கஃப்பாரா. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாத இக்காலத்தில் அது தொடர்ந்து இரண்டு மாதங்கள் நோன்பு நோற்பதாகும். இதை உறவினர்கள் பகிர முடியாது. காப்புறுதி நிறுவனமும் நோற்க முடியாது. பணத்தின் சுமையைப் பிறர் தாங்கலாம். உயிரின் சுமை ஓட்டியவருக்கே உரியது. "காப்புறுதி இருக்கின்றதுதானே" என்று அலட்சியமாகச் சொல்லும் நாவு இதை நினைவில் கொள்ளட்டும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் பேச வேண்டும். விபத்து நடந்ததும் ஓட்டியவரை மறைத்து, அனுமதிப்பத்திரம் உள்ள இன்னொருவரை "நான்தான் ஓட்டினேன்" என்று பொலிஸிலும் காப்புறுதியிலும் சொல்ல வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. உதவி என்று இதற்குப் பெயர் வைக்கின்றனர். சகோதரர்களே, இது பொய்ச் சாட்சியம். பெரும்பாவங்களில் ஒன்று. காயம்பட்டவரின் உரிமையில் கை வைப்பது. பொய்யாக முன்வந்தவரின் அட்டையில் அந்தக் குற்றம் ஏறி, நாளை அவருடைய தொழிலும் போகும். உண்மையில் ஓட்டியவரோ ஒன்றும் நடவாததுபோல் அதே வேகத்தில் மீண்டும் வீதிக்கு வருவார்.

அவ்வாறே, ஒரு முதலாளி உங்களிடம் ஒரு சாரதியைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். "குறை சொன்னால் புறம் பேசியதாகிவிடுமே" என்று அஞ்ச வேண்டாம். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் புறம் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களை ரியாழுஸ் ஸாலிஹீனில் விளக்கியுள்ளார்கள். ஆலோசனை கேட்பவருக்கு எச்சரிக்கை செய்வது அவற்றில் ஒன்று. கேட்டதற்கு, தேவையான அளவு, உண்மை மட்டும். பழி தீர்ப்பதற்காக ஒரு சொல் கூடினாலும் அது பாவமாகிவிடும்.

கண்ணியத்துக்குரிய பெற்றோர்களே!

பிள்ளை க.பொ.த. பரீட்சை எழுதி முடித்ததும் லீசிங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுக்கின்றீர்கள். அன்பினால் செய்கின்றீர்கள். ஆனால் அட்டை பெறும் முன்னரே சாவியைக் கொடுப்பது அன்பு அல்ல. "பக்கத்துப் பள்ளிக்குத்தானே, ஜும்ஆவுக்குத்தானே" என்று தலைக்கவசமின்றி, தொப்பியோடு மூவர் ஏறிச் செல்வதை வாசலில் நின்று பார்த்துச் சிரிக்காதீர்கள். றமழான் இரவுகளில் தராவீஹுக்குப் பின்னரும் பெருநாள் தினங்களிலும் வீதியில் ஓடும் பந்தயங்களை வாப்பாமார் அறியாமல் இல்லை. அந்த வீதியின் இருபக்கமும் நோயாளிகளும் முதியவர்களும் உறங்குகின்றனர். இந்துக்களும் கிறிஸ்தவர்களுமான அயலவர்கள் இருக்கின்றனர். வீதியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மத்ரஸாவில் பிள்ளைக்கு ஓதிக் கொடுத்துவிட்டு, அதே பிள்ளையை வீதிக்குத் தொல்லையாக அனுப்பலாமா?

லொறி வைத்திருக்கும் முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. சாரதியின் அட்டையைச் சேர்க்கும் நாளில் மட்டும் பார்க்காமல் காலாவதித் திகதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுதும் ஓடி வந்தவரைக் காலையில் திரும்பவும் ஏற்றி அனுப்பாதீர்கள். "எப்படியாவது விடியுமுன் வந்துவிடு" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, வேகத்துக்கு விழும் தண்டத்தைச் சாரதியின் சம்பளத்தில் வெட்டுவது நீதியல்ல. அவருடைய பதிவில் ஏறும் கறையில் உங்களுக்கும் பங்கு உண்டு.

அன்பான வாலிபர்களே, இறுதியாக உங்களிடம் நான் வேண்டுவது இவைதான். அனுமதிப்பத்திரம் இன்றி எந்த வாகனத்திலும் ஏறி ஓட்டாதீர்கள். தண்டப் பத்திரம் கிடைத்தால் அன்றே செலுத்திப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். போதையை எப்பெயரில் வந்தாலும் நெருங்காதீர்கள். தூக்கத்தை விரட்டும் மாத்திரை என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்தி உறங்குங்கள். ஏற்கனவே தவறு நடந்திருந்தால் அதை மறைத்து வேலை தேடாதீர்கள். முதலாளியிடம் நேராகச் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் கூடப் புள்ளிகள் இரண்டு ஆண்டுகளில் நீங்குகின்றன. இழந்த காப்புறுதிக் கழிவும் விபத்தின்றி ஓடினால் மீண்டும் சேர்கின்றது. மனிதர்களின் பதிவேட்டிலேயே திருந்துபவருக்கு வழி இருக்கும்போது, தௌபாவின் வாசலைத் திறந்து வைத்திருக்கும் ரஹ்மானிடம் எவ்வளவு இடம் இருக்கும்!

யா அல்லாஹ்! எமது பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாப்பானதாக ஆக்குவாயாக. அவர்களின் கையால் எந்த உயிருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக. அவர்களின் உழைப்பை ஹலாலானதாகவும் பரகத் உள்ளதாகவும் ஆக்குவாயாக. வீதியிலும் வீட்டிலும் ஒரே குணமுடைய மனிதர்களாக எம் அனைவரையும் வாழச் செய்வாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.